‘படகுகளை நிறுத்துவோம்’: அகதிகள் பற்றி வலதுசாரிக் கட்சிகள் பேசும் மொழி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘படகுகளை நிறுத்துவோம்’ யாருடைய முழக்கம்?

ஆஸ்திரேலியாவில் டோனி அபட் தலைமையிலான லிபரல்–நேஷனல் கூட்டணி 2010, 2013 தேர்தல்களில் இதைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டது. 2013-ல் ஆட்சியையும் பிடித்தது. பத்து வருடம் கழித்து அதே முழக்கம் பிரிட்டனுக்குப் போனது. 2023 ஜனவரியில் பிரதமர் ரிஷி சுனக் அறிவித்த ஐந்து வாக்குறுதிகளில் அதுவும் ஒன்று. அந்த ஆண்டு மார்ச் 7 அன்று அவர் செய்தியாளர்கள் முன் நின்றபோது, மேசையின் முகப்பிலேயே அந்த வாசகத்தை ஒட்டி வைத்திருந்தார்கள்.

அந்த முழக்கத்தில் மனிதர் யாரும் இல்லை, படகுதான் இருக்கிறது. ‘ஆட்களை நிறுத்துவோம்’ என்று சொல்லியிருந்தால் எந்த ஆட்கள், எந்த ஊர், ஏன் கிளம்பினார்கள் என்று யாராவது கேட்பார்கள். படகுக்கு ஊர் பெயர் கிடையாது. அதைத் திருப்பி அனுப்பலாம், நடுக்கடலில் கொளுத்தலாம், கேட்பவருக்கு ஒன்றும் உறுத்தாது. இந்தப் பக்கத்தில் வரும் பதில்கள் பெரும்பாலும் இப்படிச் சொற்களைப் பிரித்துப் பார்ப்பவைதான். கொள்கை பற்றிய சண்டை தொடங்குவதற்கு முன்பே பாதி வேலையைச் சொல் முடித்துவிடுகிறது.

அகதி, புகலிடம் கோருபவர், குடியேறி: மூன்றும் ஒன்றா?

இல்லை. இனம், மதம், நாட்டினம், அரசியல் கருத்து, அல்லது குறிப்பிட்டதொரு சமூகப் பிரிவைச் சேர்ந்தவர் என்பது, இவற்றில் ஏதாவது ஒரு காரணத்தால் துன்புறுத்தப்படுவோம் என்ற தகுந்த அச்சத்துடன் சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர் அகதி. 1951 அகதிகள் உடன்படிக்கை சொல்லும் வரையறை இது. அந்தத் தகுதியைக் கேட்டு விண்ணப்பித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர் புகலிடம் கோருபவர். வேலை, படிப்பு, திருமணம் என்று எதற்காக இடம் மாறினாலும் குடியேறி. மேடையில் பேசுபவர் ஒரே மூச்சில் இந்த மூன்றுக்கும் தாவுவார். அவர் சொல்லும் எண் எந்த வகைக்கு உரியது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வலதுசாரிகள் எல்லாரும், எப்போதும், இப்படித்தான் பேசினார்களா?

கிடையாது. 1976-ல் வியட்நாமியர்களின் முதல் படகு டார்வின் துறைமுகத்துக்கு வந்தபோது ஆஸ்திரேலியாவை ஆண்டது லிபரல் கட்சியின் மால்கம் ஃப்ரேஸர். அதன் பிறகு 1981 வரை படகில் வந்தவர்கள் சுமார் 2,000 பேர். அவருடைய அரசு தென்கிழக்கு ஆசிய முகாம்களிலிருந்து பல்லாயிரம் பேரை விமானத்தில் அழைத்துவந்து குடியமர்த்தியது. பிரிட்டனில் 1968 ஏப்ரலில் ஈனாக் பவல் பர்மிங்ஹாமில் குடியேற்றத்துக்கு எதிராகப் பேசிய மறுநாளே அப்போதைய எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைவர் எட்வர்ட் ஹீத் அவரை நிழல் அமைச்சரவையிலிருந்து நீக்கினார். 1972-ல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களைத் துரத்தியபோது, அவர்களில் 27,000-க்கும் மேற்பட்டோரை ஏற்றுக்கொண்டதும் அதே ஹீத்தின் அரசு.

இடதுசாரிகள் பக்கமும் கை சுத்தம் என்று சொல்ல முடியாது. விசா இல்லாமல் படகில் வருபவர்களைக் கட்டாயமாக அடைத்துவைக்கும் சட்டத்தை ஆஸ்திரேலியாவில் 1992-ல் கொண்டுவந்தது லேபர் அரசு. படகில் வரும் யாரும் இனி ஆஸ்திரேலியாவில் குடியமர முடியாது என்று 2013 ஜூலையில் அறிவித்தவர் லேபர் பிரதமர் கெவின் ரட். பிரிட்டனில் 2025 மே மாதம் ‘அந்நியர்களின் தீவாக’ ஆகிவிடுவோம் என்று எச்சரித்த கீர் ஸ்டார்மரும் லேபர்தான். அந்தச் சொற்களுக்காகப் பிறகு வருத்தம் தெரிவித்தார்.

டாம்பா கப்பலை ஏன் எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்?

இன்றைய மொழியின் பெரும்பகுதி அங்கேதான் வார்க்கப்பட்டது. 2001 ஆகஸ்டில் இந்தோனேசியாவிலிருந்து கிளம்பிய மரப்படகு ஒன்று மூழ்கும் நிலைக்கு வந்தது. அதிலிருந்த 430-க்கும் மேற்பட்டோரை டாம்பா என்ற நார்வே சரக்குக் கப்பல் காப்பாற்றியது. பெரும்பாலோர் ஆப்கானிஸ்தானின் ஹஸாரா இனத்தவர். ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில் இறக்க கேப்டன் அனுமதி கேட்டார். லிபரல் பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசு மறுத்தது. ஆகஸ்ட் 29 அன்று கேப்டன் ஆஸ்திரேலியக் கடல் எல்லைக்குள் கப்பலைச் செலுத்தியதும், சிறப்பு அதிரடிப் படையினர் அதில் ஏறினார்கள். கடைசியில் ஒரு பகுதியினரை நியூஸிலாந்து ஏற்றது. மற்றவர்கள் பசிபிக் தீவு நாடான நவ்ரூவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே இறங்கினாலும் விசா கேட்க முடியாதபடி, கிறிஸ்துமஸ் தீவையே குடியேற்றச் சட்டத்தின் எல்லையிலிருந்து வெட்டி எடுக்கும் சட்டமும் அடுத்த மாதமே நிறைவேறியது.

அக்டோபர் 28 அன்று தேர்தல் பிரசாரத் தொடக்க விழாவில் ஹோவர்ட் சொன்னது: “இந்த நாட்டுக்கு யார் வரலாம், எந்தச் சூழ்நிலையில் வரலாம் என்பதை நாம்தான் முடிவு செய்வோம்.” நவம்பர் 10 தேர்தலில் வென்றார். அந்த வாக்கியத்தை மறுத்துப் பேசுவது கடினம். எந்த நாடுதான் அதைச் சொல்லாது? அதன் பலமே அதுதான். உயிர் தப்பிக் கப்பலில் கிடந்த நானூற்றுச் சொச்சம் பேரைப் பற்றிய கேள்வியை அது இறையாண்மை பற்றிய கேள்வியாக மாற்றிவிட்டது.

‘குழந்தைகளைக் கடலில் வீசினார்கள்’ என்ற செய்தி உண்மையா?

பொய். அதே தேர்தல் காலத்தில், 2001 அக்டோபர் 7 அன்று, கடற்படை மறித்த ஒரு படகில் இருந்தவர்கள் தங்கள் குழந்தைகளைக் கடலில் வீசியதாக அமைச்சர்கள் அறிவித்தார்கள். சில நாளில் சான்று என்று படங்களும் வெளிவந்தன. தண்ணீரில் குழந்தைகள் தெரிந்தார்கள், உண்மைதான். ஆனால் அவை மறுநாள் அந்தப் படகு மூழ்கியபோது எடுக்கப்பட்டவை. யாரும் யாரையும் வீசவில்லை. எல்லாருமே தண்ணீரில்தான் இருந்தார்கள். எந்தக் குழந்தையும் வீசப்படவில்லை என்று செனட் விசாரணைக் குழு 2002-ல் உறுதி செய்தது. தேர்தல் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன.

படத்தில் பொய் இல்லை, தேதியில்தான் இருந்தது. 2016 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு பிரிட்டனின் யூகிப் கட்சித் தலைவர் நைஜல் ஃபராஜ் திறந்துவைத்த ‘உடையும் நிலை’ சுவரொட்டியிலும் இதே சங்கதி. நீண்ட மனித வரிசை உண்மையான படம். ஆனால் அது 2015-ல் ஸ்லோவேனியா எல்லையில் எடுத்தது. பிரிட்டனின் வாக்கெடுப்போ ஐரோப்பியக் குடிமக்களின் தடையற்ற போக்குவரத்தைப் பற்றியது. படத்தில் இருந்தவர்களுக்கு அந்த உரிமையே கிடையாது. ஒரு படம் வாட்ஸப்பில் வந்தால் எங்கே, எப்போது, யார் என்று மூன்று கேள்வி போதும். பெரும்பாலும் இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

விசா இல்லாமல் வந்தவரைச் ‘சட்டவிரோதமாக வந்தவர்’ என்பதில் என்ன தவறு?

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. 1951 உடன்படிக்கையின் 31-வது பிரிவின்படி, ஆபத்து இருந்த இடத்திலிருந்து நேரடியாக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் முன்வந்து, தகுந்த காரணமும் காட்டும் அகதியை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது. அதற்காக ‘சட்டவிரோதம்’ என்று சொல்பவர் முழுப் பொய் சொல்கிறார் என்றும் ஆகாது. பிரிட்டன் 2022-ல் இயற்றிய சட்டம், முன் அனுமதி இல்லாமல் வந்து சேர்வதையே குற்றமாக்கியிருக்கிறது.

சிக்கல் கதவில் இருக்கிறது. பிரிட்டனில் புகலிடம் கேட்க வேண்டுமானால் பிரிட்டனில் இருக்க வேண்டும். உள்ளே வர விசா வேண்டும். புகலிடம் கேட்பதற்கென்று ஒரு விசா கிடையாது. உக்ரைனியர், ஹாங்காங்கைச் சேர்ந்தவர்கள் போன்ற சிலருக்குத் தனி வழி திறந்தார்கள். ஈரானிலிருந்தோ எரித்ரியாவிலிருந்தோ ஓடி வருபவருக்கு அப்படி ஒன்று இல்லை.

சொல்லைத் திட்டமிட்டே மாற்றியதும் உண்டு. 2013-ல் ஆஸ்திரேலியக் குடியேற்ற அமைச்சரான ஸ்காட் மாரிசன், படகில் வந்தவர்களைச் ‘சட்டவிரோதக் கடல்வழி வருகையாளர்கள்’ என்றே குறிப்பிட வேண்டும் என்று தன் துறைக்கு உத்தரவிட்டார். அதற்கு முன் ‘முறைசாரா’ என்ற சொல் இருந்தது. சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. படிவத்தில் அடைமொழி மட்டும் மாறியது.

‘வரிசையை மீறி வருகிறார்கள்’ என்கிறார்களே?

ரேஷன் கடையில் நின்றவருக்கு இந்தக் கோபம் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் இந்த உவமை எல்லா நாட்டிலும் எடுபடுகிறது. ஆனால் முகாமில் காத்திருப்பவர்களுக்கு டோக்கன் எண் கிடையாது. ஐ.நா. அகதிகள் ஆணையம் யாருக்கு ஆபத்து அதிகம் என்று பார்த்துப் பரிந்துரைக்கிறது, ஏற்கும் நாடு தன் விருப்பப்படி பொறுக்கி எடுக்கிறது. உலகின் அகதிகளில் ஓராண்டில் இப்படி மூன்றாவது நாட்டில் குடியமர்த்தப்படுபவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

ஒரு கணக்கு வேலையையும் சொல்ல வேண்டும். படகில் வந்தவருக்குக் கொடுக்கும் இடம் முகாமில் இருப்பவருக்கான இடத்தைப் பறிக்கிறது என்று ஆஸ்திரேலியாவில் சொல்வார்கள். அது நிஜமாகவே அப்படித்தான் நடந்தது. காரணம், 1996-ல் ஹோவர்ட் அரசு இரண்டு எண்ணிக்கையையும் ஒரே ஒதுக்கீட்டில் போட்டது. உள்நாட்டில் ஒருவருக்குப் பாதுகாப்பு விசா கொடுத்தால் வெளிநாட்டு ஒதுக்கீட்டில் ஒன்று குறையும். வரிசை என்ற ஒன்று கணக்கேட்டில் உண்டாக்கப்பட்டது, பிறகு அதை மீறியதாகக் குற்றமும் சாட்டப்பட்டது.

வெள்ளம், படையெடுப்பு என்றெல்லாம் சொல்வது வெறும் பேச்சு வழக்குதானே?

1978 ஜனவரியில் மார்கரெட் தாட்சர் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், வேறு பண்பாட்டினரால் ‘மூழ்கடிக்கப்படுவோம்’ என்று மக்கள் பயப்படுவதாகச் சொன்னார். 1996-ல் ஆஸ்திரேலியாவின் பாலின் ஹான்சன் தன் முதல் நாடாளுமன்ற உரையில் அதே சொல்லை ஆசியர்களுக்குப் பயன்படுத்தினார். 2016-ல் செனட்டுக்கு வந்து, அந்த இடத்தில் முஸ்லிம்களை வைத்தார். 2015-ல் பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரனுக்கு அது பூச்சிக் கூட்டம். 2022 அக்டோபரில் உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மேனுக்குத் தெற்குக் கடற்கரை மீதான படையெடுப்பு. வெள்ளத்துக்கு அணை, பூச்சிக்கு மருந்து, படைக்கு எதிர்ப்படை: நோயின் பெயரிலேயே மருந்துச்சீட்டும் எழுதியாயிற்று.

தமிழ்ச் செய்திகளும் ‘படையெடுக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள்’ என்று யோசிக்காமல் தலைப்புப் போடுகின்றன. கையில் சிமென்ட் சட்டியோடு சென்னை சென்ட்ரலில் இறங்குவதற்குப் பெயர் படையெடுப்பாம்.

இந்தப் பேச்சு அகதிகளுக்குச் சொல்லும் எச்சரிக்கையா, உள்ளூர் வாக்காளருக்குச் சொல்வதா?

இரண்டு சுவரொட்டிகளை அருகருகே வைத்துப் பாருங்கள்.

2015-ல் ஹங்கேரி எங்கும் விக்டர் ஓர்பானின் அரசு பெரிய விளம்பரப் பலகைகளை வைத்தது. ‘நீ ஹங்கேரிக்கு வந்தால் ஹங்கேரியர்களின் வேலையைப் பறிக்கக் கூடாது’ என்றது ஒன்று. ‘எங்கள் சட்டங்களை மதிக்க வேண்டும்’ என்றது இன்னொன்று. முன்னிலை ஒருமையில், ‘நீ’ போட்டு, நேராக வந்தவனைப் பார்த்துப் பேசும் வாசகம். எழுதியிருந்த மொழி ஹங்கேரியன். சிரியாவிலிருந்து நடந்து வந்தவருக்கு அதில் ஓர் எழுத்தும் புரியாது. யாருக்குப் புரியுமோ அவர்களுக்காகத்தான் பலகை. மறு ஆண்டு அக்டோபரில், ஐரோப்பிய ஒன்றியத்தின் அகதிகள் ஒதுக்கீட்டை ஏற்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். செல்லுபடியான வாக்குகளில் 98 சதவீதம் ‘வேண்டாம்’. ஆனாலும் பாதிப் பேர்கூட செல்லுபடியான வாக்கு அளிக்காததால் அது செல்லவில்லை.

ஆஸ்திரேலியா 2014-ல் வெளியிட்ட ‘வழியே இல்லை’ சுவரொட்டி எதிர்த் திசையைப் பார்த்தது. கொந்தளிக்கும் கடல், நடுவில் சின்னப் படகு, ஆஸ்திரேலியாவை உங்கள் வீடாக்கிக்கொள்ள முடியாது என்ற வாசகம். தமிழ் உட்படப் பல மொழிகளில் அச்சிட்டார்கள். அது நிஜமாகவே நம்மவர்களுக்குச் சொன்னது. உள்ளூர் வாக்காளரும் அதைப் பார்த்தார் என்பது கூடுதல் லாபம்.

கடலில் உயிர் போவதைத் தடுக்கத்தானே படகை நிறுத்துகிறார்கள்? அது நியாயம் இல்லையா?

இது அவர்கள் தரப்பின் மிக வலுவான வாதம், தட்டிக்கழிக்கக் கூடாது. 2001 அக்டோபரில் ஒரே படகு மூழ்கி 353 பேர் இறந்தார்கள். 2010 டிசம்பரில் கிறிஸ்துமஸ் தீவின் பாறைகளில் மோதிய படகில் சுமார் 50 பேர். படகுகளைக் கடலிலேயே மறித்துத் திருப்பும் ‘இறையாண்மை எல்லைகள் நடவடிக்கை’ 2013 செப்டம்பரில் தொடங்கிய பிறகு ஆஸ்திரேலியக் கரைக்குப் படகு வருவது ஏறக்குறைய நின்றுபோனது. ஆகவே கொள்கை பலிக்கவில்லை என்று சொல்ல முடியாது. என்ன விலையில் பலித்தது என்றுதான் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் இருக்கவும் ஒரு சொல் இருந்தது: ‘கடல்மேல் விவகாரம்’. செய்தியாளர் எதைக் கேட்டாலும், கடல்மேல் விவகாரங்களைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடித்துவிடுவார்கள்.

2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து கிளம்பிய படகு இதற்கு நல்ல உதாரணம். அதிலிருந்த 157 தமிழர்களை ஆஸ்திரேலியா தன் கப்பலிலேயே ஏறக்குறைய ஒரு மாதம் கடலில் வைத்திருந்தது. அப்படி ஒரு படகு உண்டு என்பதையே அரசு பல நாள் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு அவர்களை நிலப்பகுதிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து நவ்ரூவுக்கு அனுப்பியது. அந்தத் தடுத்துவைப்பு சட்டப்படி செல்லும் என்று 2015 ஜனவரியில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 4–3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அந்த நாட்டில் அதுதான் உச்ச நீதி அமைப்பு.

பிரிட்டன் எடுத்த நகல் பலிக்கவில்லை. அனுமதியின்றி வந்து புகலிடம் கோருபவர்களை ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவுக்கு அனுப்ப 2022 ஏப்ரலில் அறிவித்த திட்டம் சட்டவிரோதம் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. 2024 ஜூலையில் அதைக் கைவிட்ட புதிய அரசு, செலவு சுமார் 70 கோடி பவுண்டு என்றது. போனவர்கள் நான்கு பேர், அவர்களும் தாமாக விரும்பிப் போனவர்கள்.

முதலில் கால் வைத்த பாதுகாப்பான நாட்டிலேயே தங்கக் கடமை இல்லையா?

1951 உடன்படிக்கையில் அப்படி ஒரு விதி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் டப்ளின் ஒழுங்குமுறை என்று ஓர் ஏற்பாடு இருந்தது: ஒருவரின் விண்ணப்பத்தை விசாரிக்க வேண்டிய நாடு எது என்று பார்த்து, அங்கே அவரைத் திருப்பி அனுப்பலாம். ஒன்றியத்திலிருந்து விலகியபோது பிரிட்டன் அதிலிருந்தும் வெளியேறியது. திருப்பி அனுப்பக் கையிலிருந்த முக்கியக் கருவி அப்படித்தான் போனது.

மேடையில் சொல்லும் எண்ணை எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் அது விண்ணப்பங்களா, ஆட்களா என்று பாருங்கள். ஒரு விண்ணப்பத்தில் நான்கு பேர் இருக்கலாம். அடுத்து, ஓராண்டில் வந்தவர்களா, மொத்தமாக இருப்பவர்களா என்று பாருங்கள். பிறகு அந்த ஆண்டு காலண்டர் ஆண்டா, ஜூனில் முடியும் ஆண்டா. கடைசியாக, போனவர்களைக் கழித்தார்களா. இந்த நான்கில் ஏதோ ஒன்றை மாற்றிப் போட்டால் எண் இரண்டு மடங்காகத் தெரியும்.

பிரிட்டனில் சின்னப் படகுகளில் வந்தவர்கள் 2018-ல் 299 பேர். 2022-ல் 45,700-க்கு மேல். ஏற்றம் உண்மை, பெரிய ஏற்றம். 2023-ல் சுமார் 29,400. ஆனால் 2023 ஜூனுடன் முடிந்த ஆண்டில் நாட்டுக்கு வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்த எண்ணிக்கை, திருத்திய கணக்குப்படி, 9 லட்சத்தைத் தாண்டியது. அதில் மிகப் பெரும் பங்கு அரசே முத்திரை குத்திக் கொடுத்த வேலை விசாவும் படிப்பு விசாவும். கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போன செவிலியர், முதியோர் பராமரிப்பாளர்களும் அதற்குள்தான் வருகிறார்கள். கன்சர்வேட்டிவ் அரசு பெரிய கதவைத் தானே திறந்துவைத்துவிட்டு, கேமராவைச் சன்னல் பக்கம் திருப்பியது.

அகதிகளுக்கு ஹோட்டலில் சொகுசு வாழ்க்கை என்கிறார்களே?

பிரிட்டனில் ஹோட்டலும் உண்மை, செலவும் உண்மை. வாடகைக்கு வீடு கிடைக்காத உள்ளூர்க்காரருக்கு எரிச்சல் வருவதிலும் ஆச்சரியம் இல்லை. காரணம்தான் மேடையில் வராது. முடிவெடுக்கும் வேகம் படுத்துவிட்டதால் 2023 ஜூனில் முதல்நிலை முடிவுக்குக் காத்திருந்தவர்கள் சுமார் 1.75 லட்சம் பேர். அவர்கள் முதல் 12 மாதம் வேலைக்கு அனுமதி கேட்கவே முடியாது. அதன் பிறகும் குறிப்பிட்ட பட்டியலில் உள்ள வேலைகள்தான். சமைத்துச் சாப்பிடும் இடத்தில் தங்கினால் 2024-ல் ஆளுக்கு வாரம் 49.18 பவுண்டு. ஹோட்டலில் சாப்பாடு கொடுத்தால் 10 பவுண்டுக்கும் குறைவு.

2024 ஜூலை இறுதியில் சவுத்போர்ட்டில் சிறுமிகளைக் கொன்றவன் படகில் வந்தவன் என்று வதந்தி கிளம்பியபோது, கும்பல்கள் முதலில் தேடிப் போன இடங்களில் இந்த ஹோட்டல்களும் உண்டு. கொலையாளி கார்டிஃபில் பிறந்தவன்.

இந்தியாவில்?

பாரதிய ஜனதா கட்சியின் மேடைகளில் இரண்டு இந்திச் சொற்கள் உலவுகின்றன: ‘ஷரணார்த்தி’ என்றால் தஞ்சம் புகுந்தவர், ‘குஸ்பைத்தியா’ என்றால் ஊடுருவியவர். 2018, 2019-ல் அமித் ஷா ஊடுருவியவர்களைக் கரையான் என்றார். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இந்தப் பிரிவினைக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, ஜைன, பார்சி, கிறிஸ்தவர்களுக்கு அது வழிவிடுகிறது. அந்த நாடுகளில் மதத்தின் பெயரால் துன்புறுத்தப்பட்ட சிறுபான்மையினருக்கான சட்டம், அதனால் முஸ்லிம்கள் வரவில்லை என்பது ஆதரவாளர்கள் சொல்லும் காரணம். இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள், இந்துக்களானாலும், அதில் இல்லை. இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவும் இல்லை.

தமிழில் இந்த மாதிரிச் சொல் உண்டா?

உண்டு, அதுவும் நாம் ஏற்றுமதி செய்த சொல்: கள்ளத்தோணி. இலங்கையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களான மலையகத் தமிழர்களை இழிவாகக் குறிக்கச் சிங்களப் பேச்சிலும் புழங்கியது. 1948 குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு போட்டது. அந்தத் தோட்டங்களிலேயே பிறந்து வளர்ந்தவர்களையும் தோணியில் வந்தவர்களாகவே அந்தச் சொல் வைத்திருந்தது.

செய்தியை மொழிபெயர்க்கும்போது எந்தச் சொல்லைப் போடுவது?

விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் ‘புகலிடம் கோருபவர்’ அல்லது ‘தஞ்சம் கோருபவர்’. ஏற்கப்பட்டிருந்தால் ‘அகதி’. விசா முடிந்தும் தங்கியவர் என்றால் அப்படியே எழுதலாம், அடைமொழி தேவையில்லை. ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று தலைவர் சொன்னால் மேற்கோள் குறிக்குள் அவர் வாயில் வையுங்கள், தலைப்பில் உங்கள் சொல்லாகப் போடாதீர்கள். ‘ஏதிலி’ அழகான சொல்தான், செய்தித்தாள் வாசகர் எல்லாருக்கும் எட்டாது.

‘அகதி முகாம்’ என்பதையும் பார்த்து எழுத வேண்டும். தமிழ்நாட்டில் இருப்பவற்றுக்கு 2021 முதல் அரசு வைத்திருக்கும் பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’.